வாசகசாலைக்கு நாமளே ஒரு லினக்ஸ் செய்யணும்: எங்க இருந்து தொடங்க?

குலசேகரம் மாணவன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பாலிடெக்னிக் மூணாம் வருஷம் படிக்கேன். வீடு குலசேகரம் பக்கம். அப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டு.

எங்க ஊர் வாசகசாலைக்கு, மூடிப்போன ஒரு பிரவுசிங் சென்டர்ல இருந்து ஆறு கம்ப்யூட்டர் கிடைச்சிருக்கு. நாலு மெஷின் கோர் டூ டுயோ, 2 ஜிபி ரேம். அஞ்சாவதுல 4 ஜிபி இருக்கு. ஆறாவதுல பழைய ஆட்டம் (Atom) பிராசசர், 32 பிட் மட்டும்தான் ஓடும். இதையெல்லாம் துடைச்சு லினக்ஸ் போட்டுத் தாறேன்னு செயலாளர் மாமாகிட்ட சொல்லிட்டேன். சாயங்காலம் பள்ளிக்கூடப் பிள்ளைங்க வருவாங்க, குரூப் 4 பரீட்சைக்குப் படிக்கிற அக்காமாரு வருவாங்க, மனு டைப் அடிக்க சுய உதவிக் குழுக்காரங்க வருவாங்க. இதுல பாதிப்பேர் மவுசைத் தொட்டதே இல்லை.

சும்மா ஒண்ணை இறக்கிப் போடாம, இவங்களுக்குன்னே ஒரு டிஸ்ட்ரோ, அதாவது வேண்டிய மென்பொருளோட சேர்த்துக் கட்டின லினக்ஸ் பதிப்பு, செய்யணும்னு ஆசை. கடைசி வருஷ பிராஜக்டும் அதுதான். இதுவரை ரெண்டு வழியில முயற்சி பண்ணினேன். முதல்ல என் லேப்டாப்ல லினக்ஸ் மின்ட் போட்டு, தமிழ் எழுத்துரு, படம், ஐகான் எல்லாம் மாத்தி, ஓடிக்கிட்டிருக்கிற சிஸ்டத்தையே ஐ.எஸ்.ஓ. (பென்டிரைவ்ல போட்டு பூட் பண்ணுகிற ஒத்தை ஃபைல்) ஆக்குகிற ஒரு கருவியை வச்சு எடுத்தேன். 5.1 ஜிபி வந்தது. வாசகசாலையில பூட் பண்ணினா என் பேர்லயே திறக்குது. பிரவுசர்ல நான் சேமிச்சு வச்ச பாஸ்வேர்டு எல்லாம் அப்படியே உள்ள இருக்கு. பயந்து அந்த பென்டிரைவை உடனே அழிச்சிட்டேன்.

அடுத்து, எல்லாத்தையும் மூலநிரல்ல இருந்து நாமளே கம்பைல் பண்ணிக் கட்டுகிற லினக்ஸ் ஃப்ரம் ஸ்கிராட்ச் வழிகாட்டியை எடுத்தேன். ஒன்பது நாள் உட்கார்ந்தும் டூல்செயின் (கம்பைலரைக் கட்டுகிற முதல் கட்டம்) தாண்டல்ல. ரெண்டு தடவை கரண்டு போய் முதல்ல இருந்து வந்தேன்.

கேள்வி இதுதான். அடிப்படையா எதை எடுக்கணும்? ஸ்கிராட்ச்சை முடிச்சாத்தான் டிஸ்ட்ரோ செய்ய முடியுமா? மெனு எல்லாத்தையும் தமிழ்ல வைக்கலாமா? எங்க கைடு சார், "இதுல நீ புதுசா என்ன செஞ்ச?"ன்னு கேக்குறார். அதுக்கும் எனக்குப் பதில் தெரியல்ல.


வடசேரி பஸ்ஸ்டாண்ட் பக்கம் எழுதியது:

தம்பி, மனசு விட்டுச் சொல்லுகேன். மின்ட்டோட எக்ஸ்எஃப்சிஇ (இலகுவான டெஸ்க்டாப்) பதிப்பை இறக்கி அஞ்சு மெஷின்லயும் போட்டுட்டு நிம்மதியா பரீட்சைக்குப் படி. 2 ஜிபி ரேம்ல ஓடும், 4 ஜிபி இருந்தா நல்லதுன்னு அவங்களே சொல்லியிருக்காங்க. 2006-ல இருந்து ஒரு கூட்டமே உட்கார்ந்து செதுக்கின பொருள் அது.

எனக்கு இருக்கிற கவலை ஒண்ணுதான். நீ அடுத்த வருஷம் வேலைக்கு சென்னைக்கோ வளைகுடாவுக்கோ போயிருவ. அப்புறம் உன் டிஸ்ட்ரோவுக்கு பாதுகாப்பு அப்டேட் யார் குடுப்பா? செயலாளர் மாமாவா? ஒரு பொது இடத்துல வைக்கிற பொருளுக்குப் பொறுப்பு வேணும். அதை யோசிச்சுட்டு இறங்கு.


மார்த்தாண்டம் சர்வீஸ் கடை எழுதியது:

மக்கா, உன் கேள்வியை நேத்து ராத்திரி கடை அடைச்ச பிறகு ரெண்டு தடவை வாசிச்சேன். கொஞ்சம் நீளமா எழுதுகேன், பொறுமையா படி.

வடசேரிக்காரர் கேட்டது நியாயமான கேள்வி. அதுக்குக் கீழ பதில் சொல்லுகேன். முதல்ல ஒரு பழைய சங்கதி. 2011-ல அரசு விலையில்லா மடிக்கணினி குடுக்க ஆரம்பிச்சப்ப, அதுல விண்டோஸோட கூட பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியன்கிற லினக்ஸை அடிப்படையா வச்சு, மத்திய அரசோட சி-டாக் நிறுவனம் செஞ்சது. நம்ம பொதுப்பணத்துல செஞ்ச லினக்ஸ் நம்ம பிள்ளைங்க கைக்கே வந்துச்சு. என் கடைக்கு வந்த பிள்ளைங்க பெரும்பாலும் கேட்டது, "அண்ணே, அந்த இன்னொண்ணை அழிச்சு இடம் குடுங்க"ன்னுதான். நானும் அழிச்சுக் குடுத்திருக்கேன், ஒரு நாளைக்கு மூணு நாலு. அதை அழிக்கும்போது எனக்கு உள்ள நோவும். அது மோசமான பொருள்னு இல்லை. அதைத் திறந்து, இதுதான் எழுதுகிற இடம், இதுதான் படம் வரைகிற இடம்னு பக்கத்துல இருந்து காட்ட ஒரு ஆள் இல்லை. நீ வாசகசாலையில இருக்க. நீ செய்யப்போற பொருளோட பெரிய பலமே அதுதான்.

இனி வேலை. நீ செஞ்ச முதல் முயற்சி ஏன் கெட்டுச்சுன்னு புரியணும். அது ஆக்கின அவியலை அப்படியே சட்டியோட அடுத்த வீட்டுக்குக் குடுக்கிற மாதிரி. நீ ருசி பார்த்த கரண்டியும் அதுக்குள்ள கிடக்கும். உனக்கு வேண்டியது பக்குவத்தை எழுதிக் குடுக்கிறது. எத்தனை காய், எவ்வளவு தேங்கா, எப்ப தயிர் விடணும்னு எழுதிவச்சா யார் வீட்டு அடுப்புலயும் அதே அவியல் வரும். டெபியன்ல அதுக்கு லைவ்-பில்ட்னு ஒரு கருவி இருக்கு. ஒரு காலி ஃபோல்டர்ல நின்னு 'எல்பி கான்ஃபிக்' குடுத்தா கான்ஃபிக்னு ஒரு ஃபோல்டர் உண்டாக்கும். அதுக்குள்ள பேக்கேஜ்-லிஸ்ட்ஸ்ல என்னென்ன மென்பொருள் வேணும்னு வரிக்கு ஒண்ணா எழுதணும். இன்க்ளூட்ஸ்-டாட்-குரூட்ல நீ வைக்கிற ஃபைல் எல்லாம் அதே பாதையில புது சிஸ்டத்துல போய் உட்காரும். ஹூக்ஸ்ல போடுகிற ஸ்கிரிப்ட், பில்ட் ஆகும்போது உள்ள இருந்து ஓடும். அப்புறம் 'எல்பி பில்ட்'. அவ்வளவுதான். உன் டிஸ்ட்ரோங்கிறது அந்த கான்ஃபிக் ஃபோல்டர். சில கேபிதான் இருக்கும். மாற்றங்களை வரிசையாச் சேமிச்சு வைக்கிற கிட் (git) கருவியில அதைப் போட்டு வை. நாளைக்கு நீ வளைகுடாவுக்குப் போனாலும் உன் ஜூனியர் ஒருத்தன் அதை எடுத்து அடுத்த டெபியனுக்குக் கட்டலாம்.

ஸ்கிராட்ச் நல்ல பாடம். 1999-ல இருந்து எத்தனையோ பேர் அதுல படிச்சிருக்காங்க. ஆனா அதுல பேக்கேஜ் மேனேஜரே கிடையாது. ஒரு பாதுகாப்பு ஓட்டை வந்தா நீதான் திரும்பக் கம்பைல் பண்ணணும். லீவுல உனக்காகச் செய். வாசகசாலைக்கு வேண்டாம்.

அடிப்படைக்கு டெபியன் எடு. இங்க ஒண்ணு கவனிக்கணும். 2025 ஆகஸ்ட்ல வந்த டெபியன் 13-ல 32 பிட் மெஷினுக்கு கர்னலும் (சிஸ்டத்தோட மையப்பகுதி) இல்லை, இன்ஸ்டாலரும் இல்லை. கோர் டூ டுயோ எல்லாம் 64 பிட், அதுக்கு 13 போதும். அந்த ஆட்டத்துக்கு மட்டும் டெபியன் 12-ல தனியா கட்டணும். அதுக்கு நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை உண்டு. அதுக்குள்ள அந்த மெஷின் தானா ஓய்ஞ்சிரும். கான்ஃபிக் ஃபோல்டர் ஒண்ணே போதும், பதிப்புப் பேரையும் ஆர்க்கிடெக்சரையும் மாத்தினா போதும்.

டெபியனோட எந்தெந்தப் பிரிவுல இருந்து மென்பொருள் எடுக்கணும்னு சொல்லுகிற, ஆர்க்கைவ் ஏரியாஸ்னு வருகிற இடத்துல மெயின், கான்ட்ரிப், நான்-ஃப்ரீ, அதோட கூட நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்னு நாலையும் எழுது. இந்தக் கடைசிப் பிரிவு டெபியன் 12-ல இருந்துதான் தனியா வந்தது. அதை விட்டுட்டு, அதுல தேவையான ஃபர்ம்வேர் (வைஃபை மாதிரி சில்லுகளை ஓட்டுகிற மென்பொருள்) பேக்கேஜையும் பட்டியல்ல சேர்க்காம இருந்தா வைஃபை பாதி மெஷின்ல முழிக்காது.

இப்ப வடசேரிக்காரருக்குப் பதில். உனக்குன்னு தனி ரிப்போ (மென்பொருளும் அப்டேட்டும் இறங்குகிற சேமிப்பகம்) எதுவும் திறக்காதே. நிறையப் பேர் டிஸ்ட்ரோன்னா தனி ரிப்போ இருந்தாத்தான் கௌரவம்னு நினைக்காங்க. அதைத் திறந்த நிமிஷத்துல இருந்து அதுல உள்ள ஒவ்வொரு பேக்கேஜுக்கும் நீ ஜாமீன். சோர்ஸ் லிஸ்ட்ல டெபியனோட ரிப்போவும் அவங்க செக்யூரிட்டி ரிப்போவும் மட்டும் இருக்கட்டும். அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் பேக்கேஜைச் சேர்த்துவிடு. பாதுகாப்பு அப்டேட் நேரா டெபியன்ல இருந்து தானா வந்து இறங்கும். நீ தொட்டது எழுத்துரு, அமைப்பு, ஐகான் மட்டும்தான்னா நீ ஊர்ல இல்லாவிட்டாலும் மெஷின் பாதுகாப்பா இருக்கும்.

கரண்டு போனதைப் பத்தி எழுதியிருந்த. ஐப்பசி இடிமழையில எங்க கடையிலயும் இதே பாடுதான். லைவ்-பில்ட்ல ஒவ்வொரு கட்டம் முடிஞ்சதும் ஒரு குறி வச்சுக்கிடும். திரும்ப 'எல்பி பில்ட்' குடுத்தா முடிஞ்ச கட்டத்தைத் தாண்டி அடுத்ததுல இருந்து தொடங்கும். இறக்கின பேக்கேஜ் எல்லாம் கேஷ் ஃபோல்டர்ல கிடக்கும். 'எல்பி கிளீன்' குடுத்தாலும் அது அழியாது. 'பர்ஜ்' சேர்த்துக் குடுத்தாத்தான் போகும். அதைக் கைதவறிக் குடுத்திராதே, திரும்ப ஒண்ணரை ரெண்டு ஜிபி இறக்கணும்.

டெஸ்க்டாப் எதுங்கிறதுல ரொம்ப நேரம் போக்காதே. எக்ஸ்எஃப்சிஇ எடு. ரேமைத் தின்னுகது டெஸ்க்டாப் இல்லை, பிரவுசர். இசட்-ரேம் டூல்ஸைப் போட்டு, ரேம்ல பாதி அளவுக்கு சுருக்கின ஸ்வாப் (ரேமுக்குள்ளயே சுருக்கி வைக்கிற கூடுதல் இடம்) வச்சா 2 ஜிபி மெஷின்ல நாலஞ்சு டேப் திறக்கலாம். முடிஞ்சா பழைய ஹார்டுடிஸ்கைக் கழட்டிட்டு 120 ஜிபி எஸ்எஸ்டி ஒவ்வொண்ணா மாத்து. எந்த மென்பொருளும் குடுக்காத வேகம் அதுல கிடைக்கும்.

இனி நான் உண்மையிலேயே சொல்ல வந்தது. எளிமையான லினக்ஸ்னு எல்லாரும் சொல்லுகாங்க. யாருக்கு எளிமைன்னு கேட்டா முகம் இல்லை. நீ ஒரு முகத்தை வச்சுக்கிட்டுச் செய்.

எனக்கு என் மாமி. வயசு 58. இருபது வருஷம் அண்டி ஆபீஸ்ல முந்திரிப்பருப்பு தோல் எடுத்தவங்க, விரல் நுனியெல்லாம் கறை. இப்ப சுய உதவிக் குழுவோட கணக்கு அவங்க கையில. நோட்டுல அருமையா எழுதுவாங்க. வங்கியில இப்ப எல்லாம் டைப் பண்ணிக் கேக்காங்கன்னு சொன்னாங்க. ஒரு பழைய மெஷினைத் தேத்தி அவங்க வீட்டுல வச்சேன். பக்கத்துல ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு பேனா. எனக்கு நானே வச்ச விதி, மாமி தப்புப் பண்ணினா வாய் திறக்கக் கூடாது, கை நீட்டக் கூடாது, எழுதணும். இது ரொம்பக் கஷ்டம் கேட்டியா. கை தானா மவுசுக்குப் போகும்.

முதல் நாள் அவங்க பிரவுசரைத் திறந்ததும் ஒரு பெட்டி வந்து, புதுச் சாவிக்கொத்துக்கு பாஸ்வேர்டு குடுன்னு கேட்டது. தானா லாகின் ஆகும்படி வச்சா, குரோமியம் திறக்கும்போது அந்தக் கீரிங் பெட்டி வரும். நாம கண்ணை மூடிக்கிட்டு அமுக்கித் தள்ளுகிற பெட்டி. மாமி கையை எடுத்துட்டாங்க. "யாரோ வேற ஆளோட சாவியை என்கிட்ட கேக்குது, நான் தொடல்ல"ன்னாங்க. எனக்கு அன்னைக்குத்தான் உறைச்சது. முறையா வளர்ந்த ஒரு மனுஷி வேற ஆள் சாவியைத் தொடமாட்டா. ஃபயர்ஃபாக்ஸ் இஎஸ்ஆர் வச்சேன், அதுல அந்தப் பெட்டி வராது.

ரெண்டாம் நாள் நெட்டே வரல்லன்னாங்க. வைஃபை நல்லா இருக்கு. பார்த்தா மதர்போர்டுல இருக்கிற பட்டன் பேட்டரி செத்து, தேதி பல வருஷம் பின்னால போயிருக்கு. தேதி தப்பா இருந்தா பாதுகாப்பான தளம் ஒண்ணும் திறக்காது, சான்றிதழ் செல்லாதுன்னு பிரவுசர் தடுக்கும். நெட்ல இருந்து நேரத்தைச் சரிபண்ணுகிற டைம்சிங்க்டி ஏன் வேலை செய்யல்லன்னு தேடினா, தப்பு என்னோடது. ஐ.எஸ்.ஓ. சின்னதா வரணும்னு ரெக்கமெண்ட்ஸ் பேக்கேஜ், அதாவது ஒரு மென்பொருளோட கூட வைக்கச்சொல்லி டெபியன் பரிந்துரைக்கிறது, வேண்டாம்னு குடுத்திருந்தேன். அதுல இது விடுபட்டுப் போச்சு. இப்ப பேக்கேஜ் லிஸ்ட்ல முதல் வரியே அதுதான். உன் ஆறு மெஷினுக்கும் ஆறு சிஆர் 2032 பேட்டரி வாங்கிப் போட்டிரு, பெரிய செலவில்லை.

மூணாவது, டபுள் கிளிக். மாமிக்கு ரெண்டு அமுக்குக்கு நடுவுல மவுசு நகந்திரும். விரல்ல பழைய வலி. ஐகான் திறக்காம இடம் மாறும். எக்ஸ்எஃப்சிஇ-ல டெஸ்க்டாப்புக்கும் ஃபோல்டர் திறந்து பார்க்கிற துனாருக்கும் ஒத்தைக் கிளிக் வசதி இருக்கு. ரெண்டையும் என் கணக்குல மாத்தி, அந்த அமைப்பு ஃபைலை இடிசி ஃபோல்டருக்குள்ள இருக்கிற ஸ்கெல்ல வச்சேன். புதுசா எந்தப் பயனர் உண்டானாலும் ஸ்கெல்ல இருக்கிறது அவங்க ஹோம் ஃபோல்டருக்கு நகலாகும். உன் எல்லா அமைப்பும் போகவேண்டிய வழி அதுதான். உன் ஹோம் ஃபோல்டரை ஒருபோதும் அப்படியே அள்ளிப் போடாதே, தேவையான ஃபைலை மட்டும் எடுத்து, வாசிச்சுப் பார்த்து வை.

அப்புறம் கரண்டு. கணக்கு அடிச்சுக்கிட்டிருக்கும்போது போச்சு. லிப்ரே ஆபீஸ் பத்து நிமிஷத்துக்கு ஒருக்கத்தான் மீட்பு நகல் எடுக்கும். அதை ரெண்டு நிமிஷமாக்கி அதையும் ஸ்கெல்ல வச்சேன். பென்டிரைவை உருவுகிறதுக்கு டெஸ்க்டாப்ல ஒரு பெரிய ஐகான், 'பென்டிரைவை எடுக்க'ன்னு எழுதி. சிங்க் பண்ணி அன்மவுண்ட் பண்ணுகிற நாலு வரி ஸ்கிரிப்ட், வேற ஒண்ணும் இல்லை.

நாற்பது பக்கத்துல இருபத்திரண்டு பக்கம் நிறைஞ்சது. கடைசி வாரம் எழுத அதிகம் ஒண்ணும் இல்லை. உன் கைடு சார் கேட்ட கேள்விக்கு அந்த நோட்டுதான் பதில். அஞ்சு பேரை உட்கார வை, எங்கெங்க நின்னாங்கன்னு எழுது, பக்குவத்துல எந்த வரியை மாத்தினன்னு எழுது, திரும்ப உட்கார வை. கர்னல் உன்னோடது இல்லை, டெஸ்க்டாப் உன்னோடது இல்லை. அந்த நோட்டு உன்னோடது, வேற எங்கயும் இறக்க முடியாது.


களியக்காவிளை டீச்சர் எழுதியது:

தம்பி, மெனு எல்லாம் தமிழ்ல வைக்கலாமான்னு கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லாததால எழுதுகிறேன். தொடக்கப்பள்ளியில முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவள் நான்.

என் தங்கை பாறசாலையில இருக்காள், எங்க வீட்டுல இருந்து கொஞ்ச தூரம்தான். அவ பேரப்பிள்ளைங்க அங்க பள்ளிக்கூடத்துல லினக்ஸ்லதான் படிக்காங்க. கேரளத்துல கைட் (KITE) என்கிற அரசு அமைப்பு உபுண்டுவை அடிப்படையா வச்சு பள்ளிகளுக்குன்னே ஒரு பதிப்பு செய்து குடுக்குது. 2001-ல ஐடி அட் ஸ்கூல்னு தொடங்கின வேலையோட தொடர்ச்சி அது. அந்தப் பிள்ளைங்களுக்கு அது லினக்ஸ்னே தெரியாது, கம்ப்யூட்டர், அவ்வளவுதான். சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம் நம்ம பிள்ளைங்களுக்கு அது ஏதோ பெரிய படிப்பு படிச்சவங்க தொடுகிற பொருள். பார்க்கும்போது எனக்கு ஏக்கமாத்தான் இருக்கும். அதனால நீ செய்கிற வேலை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு.

தமிழ் மெனு விஷயத்துல என் அனுபவம் இது. ஒரு மெஷினை முழுக்கத் தமிழுக்கு மாற்றி பிள்ளைங்களை உட்கார வச்சேன். 'அடைவு'ன்னு இருந்ததை ஒருத்தன் கடன் அடைவான்னு கேட்டான். 'கோப்பு' புரிந்தது, ஏன்னா அவன் அப்பா தாலுகா ஆபீஸ்ல வேலை. 'பதிவிறக்கம்' செய்தித்தாள்ல வருகிற சொல், அதுவும் புரிந்தது. 'ஃபோல்டர்'னு தமிழ் எழுத்துல இருந்திருந்தா எல்லாப் பிள்ளைக்கும் புரிந்திருக்கும். எனக்குத் தமிழ்ப்பற்று உண்டு. அதனாலதான் சொல்லுகேன், பிள்ளை முதல் நாள் மிரளுகிற சொல்லை அங்க வைக்காதே. மொத்த சிஸ்டத்தையும் நீ மொழிபெயர்க்க முடியாது. டெஸ்க்டாப்ல இருக்கிற பத்துப் பன்னிரண்டு ஐகானோட பேரை மட்டும் நீயே நல்ல தமிழ்ல எழுது. 'எழுத', 'கணக்குப் போட', 'படம் வரைய', 'இணையம் பார்க்க', 'அணைக்க'. வினைச்சொல்லா எழுது. மென்பொருளோட பேர் பிள்ளைக்கு எதுக்கு? கீழ மெனு ஆங்கிலத்துல இருந்தாலும் பரவாயில்லை, அதையும் நாலு நாள்ல பழகிரும்.

எழுதுகிறதுக்குத் தமிழ்99 வை. 1999-ல அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை. உயிரெழுத்து எல்லாம் இடது கைக்கு, அடிக்கடி வருகிற மெய்யெல்லாம் வலது கைக்கு. 'ம'வை ரெண்டு தடவை தட்டினா முதல் 'ம' தானே புள்ளி வைத்து 'ம்' ஆகும். 'அம்மா' அடிக்க அ, ம, ம, ஆ, நாலு தட்டு. அஞ்சாம் வகுப்புப் பிள்ளை ஒரு வாரத்துல பிடிச்சுக்கிடும். மொழி மாத்தி டைப் அடிக்க உதவுகிற ஐபஸ்ஸும் எம்17என்னும் போட்டா அது வரும், ஒலிபெயர்ப்பு முறையும் கூடவே வரும். குரூப் 4 படிக்கிறவங்கள்ல சிலர் டைப்ரைட்டிங் ஹையர் முடிச்சவங்களா இருப்பாங்க, அவங்களுக்குத் தட்டச்சு முறையையும் வை. மூணு போதும், நாலாவது வேண்டாம். கீபோர்டு எழுத்து ஸ்டிக்கர் ஒட்ட மறக்காதே.

இன்னொண்ணு. டிடிபி சென்டர்ல அடிச்ச பழைய மனுவை பென்டிரைவ்ல கொண்டு வருவாங்க. அது வானவில்ங்கிற பழைய எழுத்துருல அடிச்சதா இருந்தா திறந்ததும் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்து குப்பையாத் தெரியும். ஃபைல் கெட்டுப்போச்சுன்னு நினைப்பாங்க. கெடல்ல, அது யூனிகோடு இல்லை, அவ்வளவுதான். ஒரு யூனிகோடு மாற்றிக்கு டெஸ்க்டாப்லயே வழி வச்சிரு. எழுத்துருவுக்கு லோகித் தமிழும் நோட்டோவும் டெபியன்லயே இருக்கு.

பிள்ளைங்களுக்கு விளையாட்டாப் பாடம் படிக்க ஜி-காம்ப்ரியும், படம் வரைய டக்ஸ் பெயிண்டும் போடு. டக்ஸ் பெயிண்ட்ல முத்திரை குத்தும்போது சத்தம் வரும். வாசகசாலையில பேப்பர் படிக்கிற பெரியவங்க இருப்பாங்களே, அதனால சத்தத்தைக் குறைச்சு வை.


தேங்காப்பட்டணம் கரை எழுதியது:

டெஸ்க்டாப்ல ஐகான் வைக்கிறதுன்னா ஒண்ணு சேர்த்துக்கிடுங்க. இன்காய்ஸ்ங்கிற மத்திய அரசு கடல் தகவல் மையம் போடுகிற கடல் நிலவரப் பக்கம். ஹைதராபாத்ல இருந்து கடல் எச்சரிக்கை, கள்ளக்கடல் (திடீர்னு கரைக்கு ஏறுகிற அலை) எச்சரிக்கை எல்லாம் அங்கதான் வரும். குலசேகரம் மலைப்பக்கம், சரி. ஆனா இந்த ஐ.எஸ்.ஓ. நல்லா வந்தா எங்க ஊர் படிப்பகத்துக்கும் ஒண்ணு வேணும். ஒக்கி புயல் வந்த 2017-க்குப் பிறகு எங்க வீட்டுப் பெண்கள் அந்த நிலவரத்தைக் கேக்காம ஆம்பிளைங்களைக் கடலுக்கு அனுப்புகதில்லை. போன்ல பார்க்கத் தெரியாத அம்மாமாருக்குப் பெரிய திரையில ஒத்தைக் கிளிக்ல வந்தா அது பெரிய காரியம்.


குலசேகரம் மாணவன் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பதினாலு நாள் கழிச்சு எழுதுகேன்.

முதல் பில்ட் ரெண்டே கால் மணி நேரம் எடுத்தது. நடுவுல ஒருக்க கரண்டு போச்சு. அண்ணன் சொன்ன மாதிரி விட்ட கட்டத்துல இருந்து தொடங்கிச்சு. ஐ.எஸ்.ஓ. 1.7 ஜிபி. கியூஇஎம்யு-ல (கம்ப்யூட்டருக்குள்ளயே ஒரு பாவனைக் கம்ப்யூட்டர்) 2 ஜிபி ரேம் மட்டும் குடுத்துப் பார்த்தேன், ஓடுது. ஐகான் பேர் மாத்தித் திரும்பக் கட்டினப்ப கேஷ் இருந்ததால நாற்பது நிமிஷத்துல முடிஞ்சது. கான்ஃபிக் ஃபோல்டரோட மொத்த அளவு, வால்பேப்பர் படத்தையும் சேர்த்து, 900 கேபி. முதல் தடவை எடுத்த 5.1 ஜிபியை நினைச்சுப் பார்த்தேன்.

நோட்டும் வாங்கினேன். முதல்ல எங்க அம்மா. ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன், வாய் திறக்கல்ல. அம்மா திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "இதுல இன்னைக்கு ஷீட்டு வெலை எங்க மக்கா பாக்க?"ன்னு கேட்டாங்க. நான் அதை யோசிக்கவே இல்லை. அப்பா வெட்டுகிற பால் ஷீட்டாகி கடைக்குப் போகும்போது, கடைக்காரர் சொல்லுகிற விலைதான் எங்களுக்கு விலை. ரப்பர் போர்டு தினமும் கோட்டயம் விலை போடுது, ஆர்எஸ்எஸ் 4-ங்கிற ஷீட்டு ரகத்துக்கு தனியா இருக்கு. அந்தப் பக்கத்துக்கு 'ரப்பர் விலை பார்க்க'ன்னு ஐகான் வச்சேன். ரெண்டாவது தடவை உட்கார வச்சப்ப அம்மா நேரா அதுல அமுக்கி, அன்னைய விலையை ஒரு துண்டுப் பேப்பர்ல எழுதி அப்பா சட்டைப் பையில வச்சாங்க. டீச்சர் சொன்னபடி 'எழுத', 'படம் வரைய' எல்லாம் வினைச்சொல்லா மாத்திட்டேன். கடல் நிலவரமும் சேர்த்தாச்சு.

மாட்டிக்கிட்டது ரெண்டு. ஐபஸ்ல மொழி மாத்த விண்டோஸ் சாவியும் ஸ்பேஸும்னு இருக்கு. வாசகசாலை கீபோர்டு ரெண்டுல அந்தச் சாவியே அமுங்காது. அடுத்து, ஆட்டம் மெஷின் பென்டிரைவ்ல இருந்து பூட் ஆகவே மாட்டேங்குது. டெபியன் 12-ல 32 பிட்டுக்குன்னு தனியா கட்டின ஐ.எஸ்.ஓ.தான் அது. கியூஇஎம்யு-ல அதுவும் ஓடுது.

இன்னொரு சந்தேகம். இதைத் தேங்காப்பட்டணத்துக்காரங்களுக்குக் குடுத்தா, சட்டப்படி நான் ஏதாவது செய்யணுமா? பேர் 'டெபியன் வாசகசாலை'ன்னு வைக்கலாமா?


மார்த்தாண்டம் சர்வீஸ் கடை எழுதியது:

மக்கா, ஷீட்டு விலை சங்கதியை வாசிச்சு கடையில இருந்த ரெண்டு பேருக்கு வாசிச்சுக் காட்டினேன். ஒருத்தர் அரை ஏக்கர் ரப்பர் வச்சிருக்கிற ஆள். அவருக்கும் ஒரு ஐ.எஸ்.ஓ. வேணுமாம்.

சாவிக்கு, ஐபஸ் அமைப்புல கன்ட்ரோலும் ஸ்பேஸும்னு மாத்து. அந்த அமைப்பு டிகான்ஃப்ங்கிற அமைப்புக் கிடங்குல சேமிக்கப்படுகது, ஸ்கெல்ல சாதாரண எழுத்து ஃபைலா இருக்காது. அதனால டிகான்ஃபோட சிஸ்டம் அளவு இயல்பு மதிப்பை இன்க்ளூட்ஸ்ல ஒரு ஃபைலா வச்சு, ஹூக்ல 'டிகான்ஃப் அப்டேட்' ஓடவிடு. எல்லாப் பயனருக்கும் வரும்.

குடுக்கிறதைப் பத்தி. ஜிபிஎல் உரிமத்துல வருகிற மென்பொருளை யாருக்காவது குடுத்தா மூலநிரலையும் அவங்களுக்குக் கிடைக்கச் செய்யணும். உன் கான்ஃபிக் ஃபோல்டர் மட்டும் அதுக்குப் போதாது. 'எல்பி கான்ஃபிக்'ல சோர்ஸ் ட்ரூன்னு குடுத்தா, அந்த ஐ.எஸ்.ஓ.-ல இருக்கிற பேக்கேஜ் எல்லாத்தோட மூலநிரலையும் சேர்த்து இறக்கி வச்சிரும். பெருசா இருக்கும், ஒரு ஹார்டுடிஸ்க்ல போட்டு வாசகசாலை அலமாரியில தேதி எழுதி வை. தேங்காப்பட்டணத்துக்கு ஐ.எஸ்.ஓ. போகும்போது அதோட ஒரு நகலும் கூடப் போகட்டும். பேர்ல டெபியன் வேண்டாம், அது அவங்க வணிகக்குறி. 'டெபியனை அடிப்படையாக் கொண்டது'ன்னு உள்ள ஒரு வரி எழுது, அது மரியாதையும்கூட. பேர் 'வாசகசாலை'ன்னே இருக்கட்டும்.

ஆட்டம் மெஷினை எனக்குப் பார்க்கணும். கட்டினது சரியா இருந்தா அந்த பயாஸ் பென்டிரைவை ஹார்டுடிஸ்கா எடுக்குதா, பழைய ஜிப் டிரைவா எடுக்குதாங்கிறதுல இருக்கும் சிக்கல். சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல பஸ்ல கொண்டு வா. மானிட்டர் வேண்டாம், சிபியு மட்டும் போதும். அமுங்காத அந்த ரெண்டு கீபோர்டையும் எடுத்துக்கிடு, திறந்து சுத்தம் பண்ணித் தாறேன். நோட்டையும் கொண்டு வா, எனக்கு வாசிக்கணும்.